மறுப்பு ஏதும் வரவில்லை

பிப்ரவரி 3

அன்புள்ள ஆட்சேபம் அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு மட்டும் இந்த ஊர்க் குளிரோடு கோபித்துக்கொண்டு ஒழுகுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? மூன்று வேளையும் சாப்பிடுகிறாயா, இல்லை, அலுவலகப் பிஸ்கட்டையே சாப்பாடு என்று கணக்குக் காட்டுகிறாயா?

சொன்னபடி பேனாவால் எழுதுகிறேன். விசைப்பலகையே கதி என்று கிடந்து என் கையெழுத்து கோழி கிளறியது போல ஆகிவிட்டது. ஆனாலும் நீ சொன்னதுதான் நல்லது. போனில் நம் குரல் போய்ச் சேர ஒரு நொடி ஆகிறது. அதற்குள் மற்றவர் பேச ஆரம்பித்துவிடுகிறோம். விமான நிலையத்திலிருந்து பேசிய அன்றே ஒன்றுமில்லாததற்குச் சண்டை வந்ததே! ஞாயிற்றுக்கிழமைப் போன் ‘சாப்டியா, தூங்கினியா’வுக்கு. மனசில் இருப்பதெல்லாம் காகிதத்துக்கு.

அறை மாடியில். ஒரு கட்டில், ஒரு மேஜை, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். வாசலில் எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே தபால் பெட்டி. கீழ்வீட்டு அம்மாள்தான் பிரித்துக் கொடுக்கிறார்.

அலுவலகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் உனக்குத் தலை வெடித்துவிடும். நம் கம்பெனியில் யோசிப்பது ஓர் ஊர், கட்டுவது ஓர் ஊர், உடைத்துப் பார்ப்பது ஓர் ஊர் என்று நீ கிண்டல் செய்வாய். யோசிக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன். சுவரெல்லாம் எழுதுபலகை. கழிவறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒன்று. செய்வதெல்லாம் மாதிரி நிரல்தான், யாரும் ‘முடிந்தது’ என்ற வார்த்தையை உச்சரிப்பதில்லை. அங்கே நீங்கள் எல்லாம் அதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வீர்களே, பாவம்.

ஒரு வருஷம்தானே. ஓடிவிடும்.

உன்,
பத்து நாள் பேசாதவள்


பிப்ரவரி 19

மாதிரி ராணிக்கு,

கடிதம் நேற்று வந்தது. இங்கே நானும் வீடும் சுகம். மூக்குக்கு ஆவி பிடி. பிஸ்கட் விஷயமாக நான் வாயைத் திறப்பதாக இல்லை.

‘பத்து நாள் பேசாதவள்’ என்று கையெழுத்துப் போட வெட்கமாக இல்லையா உனக்கு? கம்பெனிச் சட்டத்தை வாழ்க்கைக்குள் இழுத்து வந்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். யார் என்ன யோசனை சொன்னாலும் மூன்று ஊருக்கும் சுற்றுக்கு விடுவது, பத்து நாளுக்குள் யாரும் ‘மறுக்கிறேன்’ என்று எழுதாவிட்டால் ஒப்புதல். வேலைக்கு நல்ல சட்டம்தான். அந்த தைரியத்தில் உன் மேஜையில் ஒரு தாளை வைத்தேன்: ‘நாம் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பது என் யோசனை. மறுப்பு இருந்தால் எழுதவும்.’ நீ எதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, அந்தத் தாளின் மேலேயே தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு, பத்து நாளும் கல்லுளிமங்கியாக இருந்தாய். பதினோராம் நாள் காலையில் வந்து, “எப்போ வச்சுக்கலாம்?” என்றாய். அந்தப் பத்து நாளில் இளைத்த உடம்பு எனக்கு இன்னும் ஏறவில்லை.

யோசித்துப் பார்த்தால், இந்த ஏழு வருஷத்தில் நீ என்னிடம் ‘சரி’ என்று சொன்னதே கிடையாது. மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

நீ உட்கார்ந்த இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். தலைமுடியால் அவளுக்குச் சுருட்டை என்று பெயர். ஊரார் தப்பைச் செய்துவிட்டு ஓடிவந்து அமுக்குகிற, செய்ததைப் பின்னுக்கு எடுக்கும் அன்டூ பொத்தானுக்குச் சொந்தக்காரன் என்று ஒன்பது வருஷமாக என் பெயர் போட்டிருக்கிறதல்லவா, வந்த இரண்டாம் நாளே, “சார், இத இன்னும் சுளுவா எழுதலாமே?” என்று கேட்டாள். மறுத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தால் அவள் சொன்னதுதான் நல்லதாகப் பட்டது. அதை நாளைக்கு ஒத்துக்கொள்வேன். நாளை மறுநாளாகவும் இருக்கலாம்.

உன்,
ஆட்சேபம்


மார்ச் 14

அன்புள்ள ஆட்சேபம்,

மூக்கு சரியாகிவிட்டது. உன் இடுப்பு வலி எப்படி? அந்த நாற்காலியை மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று ஓடிவந்து எழுதுகிறேன். நாங்கள் முட்டிக்கொண்டிருந்த கேள்வி உனக்குத் தெரியும்: இரண்டு பேர் இரண்டு ஊரில் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதும்போது, ஒருத்தர் அன்டூவை அமுக்கினால் யாருடைய எழுத்து பின்னுக்குப் போக வேண்டும்? என்னுடையது மட்டும் போய், நீ எழுதியது கலையாமல் நிற்க வேண்டும். ஆனால் நீ எழுதியதே என் வரியை நம்பித்தான் என்றால்? இன்று மதியம் என் மாதிரி நிரல் அதைச் செய்தது. இயக்குநர் அம்மாள் ஒரு கணினியில், நான் ஒன்றில். அவர் எழுத எழுத நான் பின்வாங்கினேன். அவருடைய ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ அங்கே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மாதிரி என்றால் மாதிரிதான், எங்கள் மேஜையை விட்டு இறக்கினால் படுத்துவிடும். இங்கே ‘வாங்கிக்கொள்ளும் குழு’ என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் செய்ததை வாங்கிப் பார்த்து, “இதெல்லாம் கட்ட முடியாது” என்று சொல்வதுதான் அவர்களுக்கு முழுநேர வேலை. உனக்கென்றே செய்தது போல இல்லை? ஒரு நாற்காலி ரொம்ப நாளாகக் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு பகுதிக்குச் சொந்தக்காரராக இருந்தவர்களுக்கு இது ஒரு படி இறக்கம், அதனால் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். சும்மா சொன்னேன்.

சாயங்காலம் ஜன்னலில் நின்று, பேருந்திலிருந்து இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். ஒவ்வொரு வீட்டிலாக விளக்கு எரியும். அப்போது உனக்கு நடுச்சாமம், தூங்கிக்கொண்டிருப்பாய்.

உன்,
பத்து நாள் பேசாதவள்


ஏப்ரல் 2

மாதிரி ராணிக்கு,

இடுப்பு தேவலை. நாற்காலி மாற்றவில்லை. நீ நலமாக இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. எழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.

உன் யோசனை சுற்றுக்கு வந்தது. கட்டுகிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். நானும்தான். ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு கமா தப்பான இடத்தில் இருந்தது. அதனால் அர்த்தமே மாறியது. மறுப்பு எழுதினேன். “சொந்தப் பொண்டாட்டிக்கேவா சார்?” என்று சுருட்டை கேட்டாள். கமாவுக்கு உறவு ஏதம்மா என்றேன்.

உடைக்கிற ஊரிலிருந்து ஒருவர் கெடு முடிந்து மூன்றாம் நாள் மறுப்பு அனுப்பினார். சட்டம்தான் உனக்குத் தெரியுமே: கெடு தாண்டி வருகிற மறுப்பு வெறுங்கையோடு வரக்கூடாது, மாற்று யோசனையோடு வர வேண்டும். அவரிடம் ஒன்றும் இல்லை. தள்ளிவிட்டார்கள். எனக்கு அவர் மேல் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. நானே சரி செய்தேன், இப்போது அதிகமாகச் சொட்டுகிறது. காபித்தூள் ஏனோ நீ இருந்தபோது தீர்ந்த அதே வேகத்தில்தான் தீர்கிறது. கடைக்காரர் அளவில் கை வைக்கிறாரோ என்னவோ.

உன்,
ஆட்சேபம்


ஏப்ரல் 25

அன்புள்ள ஆட்சேபம்,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நானும் நலம்தான், இரண்டு நாளாகத் தூக்கம் மட்டும் சரியில்லை. கமாவைத் திருத்திவிட்டேன். நீ சொன்னதுதான் சரி, அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

இயக்குநர் அம்மாள் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லிவிட்டு, “இந்த வேலைய நீயே தலைமை தாங்கி நடத்து. ஒரு வருஷம் பத்தாது. இதோட இன்னும் மூணு வருஷம் இரு” என்றார். எட்டுப் பேர் கொண்ட குழு. என் கேள்வி, என் வழி. பாதியில் வந்தால் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கிருந்து இதைச் செய்ய முடியாதா என்று கேட்டேன். யோசிக்கிற வேலை யோசிக்கிற ஊரில்தான் என்றார். உன் பகுதியையும் அங்கிருந்து அசைக்க மாட்டார்கள், அது உனக்கே தெரியும்.

மே மாதக் கடைசிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். இன்னும் எதுவும் சொல்லவில்லை. போனில் இதைப் பேச வேண்டாம், பேசினால் ஒரு நொடித் தாமதத்தில் ஏதாவது ஏடாகூடமாகிவிடும். நம் வழக்கப்படியே செய்வோம். இது கைக்குக் கிடைத்த பத்து நாளுக்குள், மறுப்பு இருந்தால் எழுது.

என் விருப்பம் என்ன என்று எழுதவில்லை. யோசனையைச் சுற்றுக்கு விடுகிறவர் தன் ஆசையை அதில் சேர்க்கக் கூடாது என்பதும் சட்டம்தானே.

உன்,
நான்


மே 8

மாதிரி ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். தூங்கப் போகும் முன் கணினியைப் பார்க்காதே. பார்த்தால் எப்படித் தூக்கம் வரும்?

ஒரு நல்ல செய்தி: நாற்காலியை மாற்றிவிட்டேன்! புதிதில் உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கிறது. பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனியில் போட்டிருக்கிறேன். குழாய்க்கு ஆள் வந்தார். நான் செய்த ரிப்பேரைப் பார்த்து, “இத யாரு சார் பண்ணாங்க?” என்று கேட்டார். முன்னால் குடியிருந்தவர் என்று சொல்லிவிட்டேன். சுருட்டை சொன்ன மாதிரியே அன்டூவைத் திருத்தி எழுதினோம், இப்போது கண் சிமிட்டுகிற நேரத்தில் வேலை செய்கிறது. எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. மழை வரும் போல இருக்கிறது, வருவதில்லை. உன் பச்சைச் சால்வை அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது, துவைத்து வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்.

உன்,
ஆட்சேபம்


ஜூன் 1

அன்புள்ளவருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

குறித்த கெடுவுக்குள் மறுப்பு ஏதும் வரவில்லை. ஆகவே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

நாற்காலி மாற்றியதில் மகிழ்ச்சி.

இப்படிக்கு


ஜூன் 13

மாதிரி ராணிக்கு,

வாழ்த்துகள். இது உனக்குக் கிடைக்க வேண்டியதுதான். இங்கே எல்லாருக்கும் சொன்னேன், கை தட்டினார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன்.

உன்,
ஆட்சேபம்


ஆகஸ்ட் 17

ஆட்சேபம்,

நீ எப்படி இருக்கிறாய் என்று இன்றைக்குக் கேட்கப் போவதில்லை. பத்து ஞாயிற்றுக்கிழமையாகப் போனில் ‘சாப்டியா’ என்று கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வார்த்தையே கசந்துவிட்டது. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசு நன்றாக இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான்காம் பக்கத்துக் கமாவுக்கு மறுப்பு எழுதினாய். தேதியைப் போட்ட விதத்துக்கு எழுதுவாய். கூட்டத்தில் கொடுக்கிற பிஸ்கட்டின் அளவுக்குக்கூட ஒரு முறை எழுதியிருக்கிறாய், மூன்று ஊரும் சிரித்தது. அப்பேர்ப்பட்ட ஆள் என் மூன்று வருஷத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. எதிர்வீட்டு நாய்க்குட்டிக்கு உன் காகிதத்தில் இடம் இருந்தது. எனக்கு இல்லை.

மே மாதம் தினமும் சாயங்காலம் கீழே இறங்கிப் போவேன். கீழ்வீட்டு அம்மாள் நான் கேட்கும் முன்பே தலையை ஆட்டிவிடுவார். பிறகு வந்தது உன் கடிதம். படிக்கட்டிலேயே பிரித்தேன். நாற்காலி, குழாய், சால்வை. திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினேன். அந்த அம்மாள், “என்னம்மா, கெட்ட செய்தியா?” என்றார். இல்லை, எல்லாரும் சௌக்கியம் என்றேன்.

கையெழுத்துப் போடும் முன் பேனாவை மூன்று முறை கீழே வைத்தேன். வேலைக்காக இல்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன், உயிர். ஆனால் நீ ‘போகாதே’ என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு பேருமாக ஏதாவது வழி பார்த்திருப்போம். நீ எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் செய்துவிட்டாய். நான் இல்லாமல் உனக்குப் பழகிவிட்டதென்றால் அதையாவது எழுது. நான் தெரிந்துகொள்ள வேண்டும்.


ஆகஸ்ட் 29

என் ராணிக்கு,

நான் நலமாக இல்லை. பிப்ரவரியிலிருந்தே இல்லை. இதுவரை எழுதிய ‘சௌக்கியம்’ எல்லாவற்றையும் இந்த வரியால் அடித்துவிடு.

ஜூன் மாதம் ‘நீங்கள்’ என்று எழுதியிருந்தாய். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பால்கனியில் அந்தப் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். மார்ச் மாதக் கடிதத்தில் ‘தரையில் கால் பாவவில்லை’ என்று எழுதினாயே, அதனால்தான். கட்டுகிற ஊரில் இருந்தவரை உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லை. பக்கத்து மேஜைகளின் தப்பைத் திருத்தியே உன் நாள் போகும். உன் கேள்வி உனக்குக் கிடைத்திருக்கும்போது, புருஷன்காரன் மூக்கைச் சிந்திக்கொண்டு குறுக்கே நிற்பதா? கமாவை மறுத்தால் கமா நகரும், அவ்வளவுதான். உன்னை மறுத்து, நீ திரும்பி வந்து, பிறகு ஒரு நாள் இந்தச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாயானால் அதை நான் எப்படித் தாங்குவேன்? வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் உனக்கு நான் செய்யக்கூடிய நல்லது என்று நினைத்தேன். நீ என் வார்த்தையைத் தபால் பெட்டியிலும் உறைக்குள்ளும் தேடுவாய் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை.

பழகிவிட்டதா என்றும் கேட்டிருக்கிறாய். கடைக்காரர் நல்லவர், அளவில் கை வைக்கவில்லை. நான் தினமும் காலையில் இரண்டு கோப்பை காபி போடுகிறேன். போட்ட பிறகுதான் ஞாபகம் வரும். கொட்ட மனசு வராமல் இரண்டையும் நானே குடிக்கிறேன். உன் சால்வையைத் துவைத்தேன் என்று எழுதியது பொய். துவைக்கவில்லை. துவைத்தால் உன் வாசனை போய்விடும்.

ஆகவே எழுதுகிறேன்: மறுக்கிறேன். நீ அங்கே இருப்பதை இல்லை. நான் இல்லாமல் நீ அங்கே இருப்பதை.

கெடு தாண்டிவிட்டது, தெரியும். வெறுங்கையோடு வரவில்லை. வாங்கிக்கொள்ளும் குழுவில் அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். ஒரு படி இறக்கம்தான். அன்டூவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், இருக்கிறது. ஆனால் ஒன்பது வருஷமாக அதைக் கட்டிக்கொண்டு அழுததில், எதைப் பின்னுக்கு எடுக்கலாம், எதை எடுக்க முடியாது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றே மனுவைப் போட்டேன். சுற்றுக்கு விட்டார்கள். இதுவரை இங்கேயிருந்து ஒரே ஒரு மறுப்பு வந்தது, சுருட்டையிடமிருந்து: ‘இவர் போனால் அன்டூவை யார் பார்ப்பது?’ அதற்குக் கீழே ‘நீ’ என்று எழுதினேன். அவள் மறுப்பை எடுத்துவிட்டாள். பிறகு அலுவலகம் முழுவதும் கேட்கிற மாதிரி மூக்கைச் சிந்தினாள்.

மேலிடத்திலிருந்து பதில் வர இன்னும் சில வாரம் ஆகும். அதற்கு முன்னால் உன் பதில் வேண்டும். நான் வந்தால், உன் மாதிரிகளை எல்லாம் “கட்ட முடியாது” என்று தினமும் உன் முகத்துக்கு நேரே சொல்கிற ஆளாக வருவேன். வீட்டுக்கும் அதே ஆள்தான் வருவான். ஜன்னலில் நீ தனியாக நின்று பேருந்தைப் பார்க்கிற அந்த நேரமும் போய்விடும். யோசித்துச் சொல். மறுப்பு இருந்தால் எழுது.

உன்,
ஆட்சேபம்


செப்டம்பர் 9

என் ஆட்சேபத்துக்கு,

நலமா என்று கேட்கிறேன், இந்தத் தடவை உண்மையைச் சொல். நான் நலம். உன் கடிதம் சற்று முன்தான் வந்தது. கீழ்வீட்டு அம்மாள் மாடி ஏறி வந்து கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மேலிடத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. முடியாது என்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து வேறு வழி தேடுவோம், வாயைத் திறந்து. நம் வீட்டில் அந்தப் பத்து நாள் சட்டத்தை இன்றோடு எடுத்துவிடுகிறேன். அது முன்பின் தெரியாத மூன்று ஊர்க்காரர்களுக்குப் போட்டது. இனிமேல் நாம் பேசாமல் இருந்தால் அதற்கு அர்த்தம் மறுப்பு. சம்மதம் என்றால் வாய் விட்டுச் சொல்ல வேண்டும்.

எனவே பத்து நாள் காத்திருக்காமல், நீ ஏழு வருஷத்துக்கு முன் என் மேஜையில் வைத்த தாளுக்கும், இப்போது அனுப்பியிருக்கிற தாளுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

சரி.

உன்,
பேசிவிட்டவள்